நீலத்தண்ணியில் வளர்ந்த தாடி

என்னை வாயாடி என்று சொல்லியிருக்கிறார்கள், பிடிவாதக்காரி என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நான் பெரிதாகக் கோபித்துக்கொண்டதில்லை, இரண்டும் உண்மைதான். ஆனால் ஒருவர் என்னை அழுக்குக்காரி என்றார். அதுவும் நான் கழுவிய போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க வைக்க எனக்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அங்கே மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெட்டியில் மடித்து வைத்த கல்யாணச் சேலையில் பூசணம், சாமி படத்தின் கண்ணாடிக்குள் பூசணம், கங்காணியின் தோல் செருப்பில் பச்சைப் பூசணம். சுதந்திரம் வந்த காலத்தை ஒட்டித் தேயிலைக்கே ஒரு பூசணம் வந்து சேர்ந்தது. கொப்புள நோய் என்றார்கள். இளங்கொழுந்தில் வட்ட வட்டமாகக் கொப்புளம் எழும்பி, அடியில் வெள்ளை பூத்து, பிறகு கருகி ஓட்டையாகிவிடும். கவ்வாத்து வெட்டித் துளிர்த்த மலைகளில் பாதிக் கொழுந்து இப்படிப் போயிற்று. அதனால் மயில்துத்தத்தைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்து மலை மலையாக அடித்தார்கள். துத்தம் கரைத்த தண்ணீர் நல்ல நீலமாக இருக்கும். எங்கள் ஆட்கள் அதற்கு நீலத்தண்ணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த நோயைப் பார்ப்பதற்காகவே எங்கள் தோட்டத்தின் பழைய ஸ்டோரில், அதாவது தேயிலை அரைத்த கட்டடத்தில், ஒரு பக்கத்தை வெள்ளையடித்து ஆராய்ச்சிக்கூடம் வைத்தார்கள். மாதத்துக்கு இரண்டு முறை காரில் வந்து போகும் ஒரு வெள்ளைக்காரத் துரை. தினமும் அங்கேயே கிடக்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். ஐயாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும், எனக்கும் ஏறத்தாழ அதே வயது. கழுத்தில் எந்நேரமும் மப்ளர். பூசணத்தை அவர் பங்கசு என்பார். அந்தப் பெயரை அவர் சொல்லும்போது ஏதோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவது போல இருக்கும்.

நான் அதுவரை கொழுந்து எடுத்தவள். மழையில் நின்று நின்று எனக்கு இழுப்பு வந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சர், இனி நனைந்தால் நெஞ்சு தாங்காது என்று சொல்லிவிட்டார். அந்தச் சமயம் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த பெண் யாராவது உண்டா, கண்ணாடிச் சாமான் கழுவ வேண்டும் என்று கேட்டார்கள். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்தவள். பக்கத்தில் நின்றவளை இடித்துத் தள்ளிக்கொண்டு கையைத் தூக்கினேன்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. உருளைக்கிழங்கைத் தோல் சீவி வேகவைத்து, அந்தச் சாற்றில் சீனியும் கடற்பாசியும் போட்டுக் காய்ச்சி, கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி உறைய வைக்க வேண்டும். அதன்மேல்தான் ஐயா பூசணங்களை வளர்ப்பார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகள் ரொட்டியும் சம்பலும் தின்ன, இங்கே பூசணங்கள் சீனி போட்ட கிழங்கு தின்றன. முதல் வாரம் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு பழகிவிட்டது, எது எந்தத் தட்டில் என்ன நிறத்தில் வளரும் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. கறுப்பு, ரோஜா, பட்டாணிப் பச்சை, வேப்பம்பூ மஞ்சள். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் யார் வளர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

ஆனால் என் பெருமை கழுவுவதில்தான். முதலில் சோடா போட்ட வெந்நீர், பிறகு ஐயா காட்டிய ஆரஞ்சு நிற அமிலம், பிறகு மலையூற்றிலிருந்து குழாயில் வரும் பீலித் தண்ணீரில் ஏழு தடவை, கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர். பிறகு வாயில் பஞ்சு அடைத்து, அழுத்தப் பானையில் வைத்து ஆவி பிடிக்க வேண்டும். நான் கழுவிய கண்ணாடியில் தண்ணீர் சொட்டாக நிற்காது, வழுக்கிக்கொண்டு ஒரே படலமாக இறங்கும். அதுதான் சுத்தத்துக்கு அடையாளம் என்று ஐயாவே சொன்னார். பிற்பாடு அவரே அதை மறந்துவிட்டார்.

தோட்டத்து மருந்துப் பீப்பாவிலிருந்து வாரம் ஒரு போத்தல் நீலத்தண்ணி வரும், துத்தம் சரியான அளவில் கரைந்திருக்கிறதா என்று பார்க்க. வெறும் போத்தலை நான் கழுவிக் கொடுப்பேன், பீப்பாவில் மருந்து கரைக்கும் ஆள் நிரப்பிக் கொடுப்பார். அந்த ஆள் என் வீட்டுக்காரர்தான். ஐயா அளந்து பார்த்துவிட்டு, பஞ்சடைத்துத் தேதி ஒட்டி அலமாரியில் வைப்பார்.

ஒருநாள் அந்த அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐயா ஒரு போத்தலை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நீலத்துக்குள் அடியில் கறுத்த பஞ்சு மாதிரி ஒன்று கிடந்தது.

"இதென்ன? நீர் இந்தப் போத்தலைக் கழுவினீரோ, இல்லையோ?"

"கழுவினேங்க ஐயா."

"கழுவின போத்தலுக்குள்ளை இவ்வளவு அழுக்கு எப்பிடி வந்தது? வடிவாக் கழுவேல்லை. அழுக்குக்காரியாய் இருக்கிறீரே."

நாள்குறிப்பை எடுத்து ஏதோ எழுதினார். எழுதியதை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். போத்தல் அழுக்கு, தேதி, என் பெயர். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலாவது எனக்குத் தெரியாமல் போயிருக்கும். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அடுத்த போத்தலைப் பதினான்கு தடவை கழுவினேன். மூன்று வாரத்தில் அதிலும் அதே கறுப்புப் பஞ்சு. மூன்றாவதைக் கழுவும்போது என் விரல் நுனியெல்லாம் வெந்து தோல் உரிந்தது. அதிலும் வந்தது. நாள்குறிப்பில் மூன்றாவது தடவையாக 'போத்தல் அழுக்கு' ஏறிற்று.

"இன்னுமொரு போத்தல் இப்பிடிக் கிடந்தால் நான் ஒண்டும் செய்யேலாது. நீர் திரும்ப மலைக்குத்தான் போக வேண்டிவரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

மலைக்குத் திரும்பினால் என் நெஞ்சு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைவிட, அழுக்குக்காரி என்ற பெயரோடு கூடையைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டு பெரட்டில் நிற்க வேண்டும். அன்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு ஐயா முன்னால் நின்றேன்.

"ஐயா, பூசணத்தக் கொல்லத்தானே துத்தம் அடிக்கிறோம்?"

"ஓம்."

"அப்ப என் போத்தல் அழுக்காவே இருக்கட்டும். அழுக்குல இருந்த பூசணம் துத்தத்துல எப்படிங்க உசுரோட இருக்கும்? செத்துல்ல போகணும்."

ஐயா மப்ளரைத் தளர்த்திக்கொண்டு யோசித்தார். நான் விடவில்லை.

"இந்தத் தடவ ஒரு போத்தல நீங்களே கழுவுங்க."

அவர் கழுவினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தொட்டியடியில் குனிந்து, பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கழுவினார். முதல் போத்தல் கைதவறி உடைந்தது. இரண்டாவதை நான் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். "கழுத்துல பாருங்க, சொட்டு நிக்குது" என்று திருப்பிக் கொடுத்தேன். மறுபடி கழுவினார். மறுபடி திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் தடவை உண்மையில் சுத்தமாகத்தான் இருந்தது, இருந்தாலும் இன்னொரு அலசு அலசச் சொன்னேன். அந்த அரைமணி நேரம் நான் அடைந்த சந்தோஷத்தை மறைத்து எழுத முடியாது.

அவர் கழுவிய போத்தல் ஒன்று, நான் கழுவியது ஒன்று, இரண்டிலும் பீப்பாவின் நீலத்தண்ணி. நான் கழுவிய மூன்றாவதில், ஐயாவே புதிதாகக் கரைத்த நீலத்தண்ணி. மூன்றையும் அலமாரியில் வைத்தோம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், பீப்பாத் தண்ணீர் இருந்த இரண்டு போத்தலிலும் கறுப்புப் பஞ்சு. ஐயா கரைத்த தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக நின்றது.

அப்படியானால் அது போத்தல் அழுக்கு இல்லை. பீப்பாவுக்குள்ளேயே, அந்த விஷத்துக்குள்ளேயே வாழ்கிற ஒன்று. இது ஐயாவுக்கு உறைத்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பஞ்சை ஊசியால் எடுத்து, கண்ணாடிச் சில்லில் வைத்து, நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட்டார். பிறகு என்னையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கறுத்த நூல்கள், அவற்றின் நுனியில் பாசிமணி கோத்தது போலச் சின்னச் சின்ன உருண்டைகள். மணிக்கு மணி நடுவில் ஒரு கட்டு. அழகாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இப்பிடி ஒண்டை நான் ஒரு புத்தகத்திலையும் காணேல்லை" என்றார்.

"அப்ப என் போத்தல் அழுக்கில்லீங்களே ஐயா?" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். நாள்குறிப்பில் அந்த மூன்று வரியும் அப்படியே இருந்தன. வேலை தப்பியது, பெயர் தப்பவில்லை.

அடுத்த இரண்டு மாதமும் அந்த அறையில் வேறு பேச்சே இல்லை. ஒரு பூசணத்தைப் புதிய இனம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மணியின் நீளம், அகலம், நூலின் தடிப்பு, எந்த வயதில் கறுக்கிறது, எல்லாவற்றையும் நூறு தடவை அளக்க வேண்டும். அளந்ததை நான் கட்டம் போட்ட தாளில் எழுதுவேன். ஏற்கெனவே தெரிந்த இனங்களில் எதற்குத் தம்பி, எதற்குத் தங்கை என்று பார்க்க வேண்டும். ஐயா ஒவ்வொரு நாளும் ஒரு உறவு சொல்லுவார், மறுநாள் அதை அடித்துவிடுவார். "மணியைப் பாத்தால் இந்தக் குடும்பம், காம்பைப் பாத்தால் அந்தக் குடும்பம்" என்று தலையைப் பிடித்துக்கொள்வார். கல்யாணத் தரகரிடம் அகப்பட்ட மாப்பிள்ளை வீட்டார் மாதிரி இருந்தது.

துரை வந்து பார்த்தார். பீப்பாவில் எங்கிருந்தோ விழுந்த குப்பையாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். விஷத்துக்குள் அது வளர்கிறது என்பதை இந்த அறைக்குள், உன் கையால் கலந்த தண்ணீரில் வளர்த்துக் காட்டு என்றாராம். அவர் இன்னும் இரண்டு மாதத்தில் கப்பலேறி ஊருக்கு விடுமுறையில் போகிறார். அதற்குள் காட்டினால், உலகத்துப் பூசணங்களையெல்லாம் உலர்த்திப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்குத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொன்னாராம். இதை ஐயா எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, உடனே துத்தம் நிறுக்க உட்கார்ந்துவிட்டார்.

அது வளரவில்லை. ஐயா கரைத்த நீலத்தண்ணியில் பஞ்சைப் போட்டால் செத்தும் போகவில்லை, வளரவும் இல்லை, சும்மா கிடந்தது. கிழங்குச் சாற்றுத் தட்டில் வைத்தால் வெளுத்துப்போய், மணியே இல்லாமல், ஊரில் உள்ள எல்லாப் பூசணம் போலவும் வந்தது. தட்டில் துத்தத்தைச் சேர்த்தால் கடற்பாசி உறையவே மாட்டேன் என்றது. பீப்பாவில் இருப்பதைத்தானே அது தின்ன வேண்டும் என்று, பீப்பாப் பலகையைச் சீவிப் போட்டுப் பார்த்தார். துத்தக்கட்டியைக் கட்டித் தொங்கவிடும் சாக்கின் நூலைப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. துரை கப்பலேற ஐந்து வாரம்தான் இருந்தது.

பீப்பாவில் நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. வீட்டுக்காரரைக் கேட்டேன். தண்ணியும் துத்தமுந்தான் புள்ள, வேறென்ன இருக்கு என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷம் அவரோடு குடும்பம் நடத்துகிறேன், எனக்குத் தெரியாதா. அடுத்த திங்கட்கிழமை, காய்ச்சல் என்று ஐயாவிடம் பொய் சொல்லிவிட்டு, நேரே பீப்பா இருந்த பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினேன்.

எங்கள் தோட்டங்களில் ஸ்டோரின் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். ரோதை நிற்காமல் சுற்ற, ஆளை அடிக்காமல் இருக்க, ரோதமுனி காவல் இருக்கிறார் என்று அவருக்குப் பூசை போடுவார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மருந்தடிக்கிற ஆட்கள் தங்கள் பீப்பாவுக்கும் ஒரு முனியை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. போய்ப் பார்த்தால், மரப் பீப்பாவில் மூன்று பட்டை திருநீறு, குங்குமப் பொட்டு, பக்கத்தில் ஊதுவத்தி. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்துப் பீப்பாவுக்குள் போட்டார். மற்ற ஐந்து பேரும் கும்பிட்டார்கள்.

அது என் கருப்பட்டி. கொத்மலைப் பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து தலைச்சுமையாகக் கொண்டுவரும் அம்மாவிடம் நான் வாங்கிய கித்துள் கருப்பட்டி. சாயத்தண்ணி, அதாவது பால் விடாத தேத்தண்ணி, குடிக்கும்போது கடித்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் நானே மடித்துக் கொடுத்து அனுப்புவது.

நான் போட்ட சத்தத்தில் ஐந்து பேரும் பயந்து பின்வாங்கினார்கள். வீட்டுக்காரர் மட்டும் அசையாமல் நின்றார்.

"உன் வாய்க்குப் பயந்துதான் சொல்லல புள்ள. மருந்து கண்ணுல பட்டா எப்படி எரியும்னு உனக்குத் தெரியாது. முனிக்கு இனிப்பு குடுத்ததுலேருந்து ஒருத்தனுக்கும் கண்ணு போகல."

"அதுக்காக மருந்துலயா போடுவீங்க?"

"அவரு சாப்புடுறாரே. இங்க வந்து பாரு."

மர அகப்பையால் மெதுவாகப் பீப்பாவின் அடியைத் துழாவி மேலே தூக்கினார். நீலத்தண்ணி வடிய வடிய, ஒரு முழ நீளத்துக்குக் கறுகறுவென்று தொங்கியது. இரண்டு மாதமாக நாங்கள் ஊசிமுனையில் எடுத்து அளந்துகொண்டிருந்த அதே பஞ்சு.

"முனி தாடி" என்றார் வீட்டுக்காரர். "நாலு வருசமா வளருது. பீப்பா கழுவுற அன்னைக்கி வாழ எலையில எடுத்து வச்சிட்டு, பெறகு உள்ள விட்டுருவோம். தாடி வளந்தா முனி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்."

நான் வாயடைத்து நின்றது என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி இறங்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இதைச் சொன்னால், மருந்தில் கருப்பட்டி போட்டதற்காக என் வீட்டுக்காரரையும் ஐந்து பேரையும் கண்டாக்கு சும்மா விடமாட்டார். மலையை மேற்பார்க்கும் அந்த ஆள் கொப்புளம் குறையாததற்கு யார் மேல் பழி போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். போதாததற்கு, ஊரெல்லாம் கேட்க என் போத்தல் சுத்தம் என்று நிரூபித்தவள் நான். பூசணத்துக்குச் சோறு போட்டு வளர்த்ததே என் வீட்டு அடுப்படி என்று எந்த முகத்தோடு சொல்வது? வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம் புள்ள. ஆனா கண்டாக்கு காதுக்குப் போகாமப் பாத்துக்க" என்றார்.

நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன். ஐயா பலகைச் சீவலை விட்டுவிட்டு மணலைப் போட்டுப் பார்த்தார். மப்ளர் கழுத்தில் இல்லாமல் நாற்காலியில் கிடந்தது. ஐந்தாம் நாள், அளந்து எழுதிய தாள்களையெல்லாம் ஒன்றாக அடுக்கி நூலால் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். இனி வேண்டாம், துரைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் என்றார். அந்தத் தாள்களில் பாதி என் கையெழுத்து. எனக்கு மனது பொறுக்கவில்லை.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, கருப்பட்டியை மேசையில் வைத்தேன்.

"ஐயா, கண்டாக்குகிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். முனி, திருநீறு, தாடி, வாழை இலை, ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் மடித்துக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்து பார்த்தால் ஐயா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வரும் சிரிப்பு.

"பலகை தின்னுது, சாக்குத் தின்னுது எண்டு நான் இஞ்சை மண்டையை உடைக்கிறன். அவருக்குக் கருப்பட்டி வேணுமாம்" என்றார். பிறகு, "எவ்வளவு பெரிய துண்டு போடுறவை?" என்று கேட்டார்.

பத்தே நாளில் வளர்ந்தது. ஐயா தன் கையால் கலந்த நீலத்தண்ணியில், நான் கழுவிய போத்தலில், என் கருப்பட்டியைத் தின்றுகொண்டு, கறுகறுவென்று, மணி மணியாக. துத்தத்தை இரண்டு மடங்காக்கினார், வளர்ந்தது. நாக்கில் பட்டால் வெந்துபோகும் அளவுக்கு அமிலம் சேர்த்தார், அப்போதும் வளர்ந்தது. வேறு எந்தப் பூசணமும் அந்தத் தண்ணீரில் ஒருநாள் தாங்காது, இதைத் தவிர. ஒவ்வொரு போத்தலையும் ஒவ்வொரு நாள் காலையிலும் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முண்டியடித்துக்கொண்டு பார்த்தோம்.

பிறகு ஐயா பீப்பாவைப் பார்க்க மலைக்கு வந்தார். ஆட்கள் சொன்னபடி சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் காலுறையோடு நின்றார். அட்டை கடித்தது, பொறுத்துக்கொண்டார்.

"தாடிய எடுத்துட்டுப் போனா முனி கோவிக்க மாட்டாருங்களா ஐயா?" என்று ஓர் ஆள் கேட்டார்.

"கொஞ்சந்தான் எடுக்கிறன். மிச்சம் அவருக்கே இருக்கட்டும்" என்றார் ஐயா. கருப்பட்டியால் மருந்தின் வேகம் குறையவில்லை என்பதையும் அளந்து பார்த்துச் சொன்னார். கண்டாக்கின் காதுக்கு ஒன்றும் போகவில்லை. திங்கட்கிழமைக் கருப்பட்டியும் நிற்கவில்லை. அன்றிலிருந்து நான் இரண்டு பொட்டலமாக மடித்துக் கொடுத்தேன், ஒன்று முனிக்கு, ஒன்று மனிதருக்கு.

துரை கப்பலேறும் வாரம் வந்து பார்த்தார், நீண்ட நேரம் பார்த்தார், ஐயாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ என் பக்கமும் கையை நீட்டினார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நானும் குலுக்கிவிட்டேன்.

உலர்த்திய தாடியை மடித்த காகித உறையில் வைத்து, மேலே துண்டுச் சீட்டு எழுத வேண்டும். இனத்தின் பெயர், கிடைத்த இடம், எதன்மேல் வளர்ந்தது, கண்டெடுத்தவர். பெயரை ஐயா ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். லத்தீனில் தாடிக்காரன் என்று பொருள் வருமாம். உங்கள் ஆட்கள் நாலு வருஷத்துக்கு முன்னமே பெயர் வைத்துவிட்டார்கள், நான் மொழிபெயர்த்ததுதான் என்றார். கண்டெடுத்தவர் என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் பிரஜாவுரிமை மனு அப்போதுதான் முடியாது என்று திரும்பி வந்திருந்தது. நான் இந்த ஊரில் பிறந்தேன் என்பதற்குக் கடதாசி இல்லையாம். பெயரையும் ஊரையும் எழுதி எழுதிக் கொடுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

"என் பேரெல்லாம் வேணாங்க ஐயா. ஒண்ணே ஒண்ணு எழுதுங்க. போத்தல் சுத்தமா இருந்துச்சுன்னு எழுதுங்க."

"புது இனத்துக்கு அச்சிலை போடுற லத்தீன் விவரணத்திலை போத்தல் கழுவின கதையெல்லாம் எழுதுறேல்லை" என்று சிரித்தார். துண்டில் மட்டும் என் பெயரையும் என் வீட்டுக்காரர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் தபாலில், எங்கள் பூசணத்தின் விவரணம் அச்சான மெல்லிய புத்தகம் ஒன்று வந்தது. ஐயா வெட்டாமல் ஒட்டியிருந்த பக்கங்களைக் கத்தியால் பிரித்து, கையைக் கழுவிவிட்டு வா என்று என்னைக் கூப்பிட்டார். அவர் வரைந்த படம், மணிமணியாக. கீழே அவர் எழுதிய கொஞ்சம் லத்தீன். அதை அவர் நின்றுகொண்டு சத்தமாகப் படித்தார். கோயில் ஐயர் மந்திரம் சொல்வது போல இருந்தது, ஒன்றும் புரியவில்லை. பிறகு தமிழில் சொன்னார்:

"நூல்கள் கறுப்பு. மணிகள் சங்கிலியாய், நீள்வட்டமாய். இலங்கையில், செறிந்த துத்தக் கரைசலில், பனங்கட்டி போன்ற வெல்லத்தோடை, மிகச் சுத்தமாகக் கழுவின கண்ணாடிப் போத்தலில் வளர்ந்தது."

எனக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது.

"இன்னொருக்கா படிங்க ஐயா."

படித்தார். அந்த லத்தீன் சொல்லை விரலால் தொட்டும் காட்டினார். அச்சில் நல்ல கறுப்பாக இருந்தது.

"இன்னொருக்கா."

"ஏன், விளங்கேல்லையோ?"

"வெளங்கிருச்சுங்க. மூணு தடவ அழுக்குன்னு எழுதுனீங்க. மூணு தடவ படிங்க."

ஐயா மப்ளரைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து நின்று, மூன்றாவது தடவையும் முதலிலிருந்து படித்தார். சுத்தமாக என்ற சொல் வந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.